கனம் இல்லாத பை

ரெண்டாயிரத்து ஆறுல நான் திருச்சியில ஒரு கம்ப்யூட்டர் கடைக்கு சேல்ஸ் ரெப்பா இருந்தேன். பெரம்பலூர், அரியலூர் லைன் என்னோடது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஒரு மாடி ரூம். கூட இருந்தவன் கல்யாணம் ஆகிப் போனப்புறம் நானும் ஒரு டேபிள் ஃபேனும்தான் பாக்கி. கீழ இறங்கினா டீக்கடைக்காரர் என் தலையைப் பார்த்ததுமே கேக்காம டீ போட்டு நீட்டிடுவாரு. அதனால அங்கயும் பேச்சுக்கு வழி இல்ல.

பேச்சு கிடைச்சது பஸ்லதான். கடையில எனக்குக் குடுத்திருந்த டெமோ லேப்டாப் செங்கல் கனம் கனக்கும். அதோட சார்ஜர், சிடி டப்பா, நோட்டீஸ் கட்டு வேற. அரியலூர் பஸ்ல உட்கார என்னைக்கு இடம் கிடைச்சுது? தோள் ஒரு பக்கமா இறங்கி நிக்கிறதைப் பார்த்துட்டு, உட்கார்ந்திருக்கிறவங்க யாராவது பையோட வாரைப் பிடிச்சு இழுப்பாங்க. மடியில வாங்கி வச்சுக்கிட்டா அப்புறம் சும்மா இருப்பாங்களா? உள்ள என்ன கல்லா, எந்த ஊரு, கல்யாணம் ஆயிடுச்சான்னு ஒண்ணொண்ணா வரும். கல்யாணப் பேச்சு எனக்கு ஆகவே ஆகாது. இருந்தாலும் பதில் சொல்லுவேன். சிமெண்ட் ஆலையில வேலை பார்க்கிற மகனுக்கு முறுக்கு கொண்டு போன ஒரு அம்மா, அதுல பாதியை என் கையில திணிச்சுட்டு இறங்கினாங்க.

அந்த வருஷந்தான் புது மாடல் வந்துச்சு. ரெண்டு விரலால தூக்கிடலாம். தீபாவளிக்குள்ள ஒண்ணாவது விக்கணும், இல்லைன்னா அந்த லைனையே மூடிடுவாங்க, அப்புறம் உன்னை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றதுன்னு மேனேஜர் சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. அவரு சிரிச்சுக்கிட்டே சொன்னா செஞ்சே தீருவாரு.

ஒருத்தரும் வாங்கல. நம்ம ஆளுங்க எதையும் கையில ஏந்திப் பார்த்துத்தான் விலை பேசுவாங்க. திருமானூர்ல ஒரு ரைஸ் மில் முதலாளி உள்ளங்கையில வச்சு மேலயும் கீழயும் ஆட்டிப் பார்த்துட்டு, உள்ள சாமான் எல்லாம் இருக்கா, பாதியைக் கழட்டிட்டானான்னு கேட்டாரு. அப்புறம் நாலு பக்கமும் தடவித் தடவி, மக கல்யாண சிடியை எங்க போடறதுன்னு தேடினாரு. சிடி போடற இடமே அதுல கிடையாது. விலையோ, சாதாரண லேப்டாப் ரெண்டு வாங்கிடலாம். வேப்பந்தட்டையில ஒரு ஸ்கூல் தாளாளர், கொஞ்சம் வெயிட்டா இருந்தா காட்டுங்களேன்னாரு. எனக்கு மண்டை காஞ்சு போச்சு. அப்ப அம்மிக்கல்லை வாங்குங்கய்யான்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டு, பல்லைக் காட்டிட்டு வெளிய வந்தேன்.

இதைவிடக் கொடுமை பஸ்ல. என் பையை யாரும் கேக்கறதே இல்ல. தோள்ல துணிப்பை மாதிரி தொங்கறதை யாரு மெனக்கெட்டு வாங்கி வைப்பாங்க? கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அரியலூர் வரைக்கும் வாயைத் திறக்காம நிப்பேன். போன இடத்துல யாரையும் பார்க்க முடியாத நாள்ல, சாயங்காலம் ஓட்டல்ல தோசைன்னு சொல்லும்போதுதான் தொண்டை கட்டிக் கிடக்கிறதே தெரியும். எனக்கு அழுகையே வந்துடும் போல இருக்கும்.

தீபாவளி நெருங்கறப்ப அரியலூர்ல ஒரு ஆடிட்டரைப் பார்க்கப் போனேன். வயசானவரு. வீடேதான் ஆபீஸ். வாசல்ல ஒரே ஒரு ஜோடி செருப்பு. சம்சாரம் தவறிட்டாங்க, கணக்குப் பார்க்க இருந்தவரும் சென்னைக்குப் போயிட்டாருன்னு பேச்சோட பேச்சா சொன்னாரு. லேப்டாப்பைக் குடுத்தேன். அவரு ஆட்டிப் பார்க்கல. கக்கத்துல வச்சுக்கிட்டு ஹாலுக்குள்ள ஒரு நடை நடந்தாரு. வாசப்படி இறங்கி ஏறினாரு. சிடி போட முடியாது சார்னு நானே சொன்னேன். பரவால்லன்னாரு. விலையும் கூடன்னேன். தெரியும்னாரு. எனக்கே தாங்கல. அப்புறம் இதுல என்ன சார் பிடிச்சுதுன்னு கேட்டுட்டேன்.

"பையத் தூக்கிட்டு வர ஆள் இருந்தா, இதை எதுக்குத் தம்பி வாங்கப் போறேன்?"

செக் எழுதிக் குடுத்துட்டு, காபி சாப்பிட்டுத்தான் போகணும்னாரு. அவரே போட்டாரு. சர்க்கரை போட மறந்துட்டாரு. நான் ஒரு சொட்டு விடாம குடிச்சுட்டு வந்தேன்.

லைன் தப்பிச்சுது. எதைச் சொல்லி வித்தேன்னு மேனேஜர் போன்ல கேட்டாரு. மத்த ஊர்லயும் அதையே சொல்லி விக்கணுமாம். வெயிட் கம்மின்னு சொன்னேன் சார்னேன். நான் அப்பவே சொல்லலியான்னு அவருக்கு ஒரே குஷி. தனியா இருக்கிறவங்களாப் பார்த்துப் போங்க சார்னா சொல்ல முடியும்?

தீபாவளி கழிச்சு அடுத்த டெமோ வந்துச்சு. அதைப் பையில வச்சுக்கிட்டு அரியலூருக்குக் கிளம்பினவன், கதவுகிட்ட கொஞ்ச நேரம் நின்னேன். திரும்பி வந்து, கட்டிலுக்கு அடியில கிடந்த பழைய செங்கல் லேப்டாப்பையும் எடுத்து உள்ள திணிச்சேன். பேட்டரி செத்து, ஒண்ணுக்கும் ஆகாத மிஷின். பஸ் டவுனைத் தாண்டறதுக்குள்ள தோள் இறங்கிடுச்சு. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா வாரைப் பிடிச்சு இழுத்தாங்க.

"இப்படிக் குடுங்க தம்பி, எதுக்கு இதைச் சுமந்துக்கிட்டு நிக்கிறீங்க?"

குடுத்துட்டேன். அவங்க கேக்கறதுக்கு முன்னாடியே, எனக்கு எந்த ஊருன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டேன்.