காத்திருக்கச் சம்பளம் இல்லை

இது என் தம்பிக்கு நடந்தது. யாரோ சொல்லிக் கேட்ட கதை இல்லை. அவன் பொய் சொன்னால் காது மடல் சிவந்துவிடும், அக்காவான எனக்குத் தெரியாதா? இதைச் சொன்ன அன்று அவன் முகத்தில் பொட்டு ரத்தம் இல்லை. நம்ப முடியாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். எனக்கு வருத்தமில்லை.

ஒரு சரக்குக் கம்பெனியில், இரவில் ஊருக்கு ஊர் லாரி ஓட்டும் லைன் டிரைவராகச் சேர்ந்தான். சேர்க்கும்போது நன்றாகக் காதில் பூச்சுற்றினார்கள். தினமும் ஓட்டம், விடிந்தால் வீடு, கிலோமீட்டர் கணக்கில் கை நிறையச் சம்பளம்! உள்ளே போன பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. நிலையான ஓட்டமெல்லாம் பழைய ஆட்களுக்கு. புதிதாக வந்தவன் போனைக் கட்டிக்கொண்டு கிடக்க வேண்டும். எந்த நேரம் கூப்பிட்டாலும் ஓட வேண்டும். ஒரு தடவை மறுத்தால் வரிசையில் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள். சக்கரம் உருண்டால்தான் காசு. நின்று காத்திருந்தால் அது உன் தலையெழுத்து. அந்தப் பாவிகளை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினான். அவன் மனைவிக்கு நிறைமாதம். பிரசவத்துக்குள் ஒரு நிலையான ஓட்டம் பிடித்துவிட வேண்டும் என்று துடித்தான்.

அன்று பகல் முழுக்க, வா என்றார்கள், வேண்டாம் என்றார்கள், மறுபடி வா என்றார்கள். அவன் கண் மூடவில்லை. கடைசியில் இரவு பத்து மணிக்கு வண்டி எடுத்தான். வேலை இதுதான்: இங்கிருந்து ஒரு டிரெய்லரை இழுத்துக்கொண்டு பாதி வழி போக வேண்டும். எதிர் ஊர்க்காரர் இன்னொரு டிரெய்லரோடு அங்கே வருவார். இருவரும் டிரெய்லரை மாற்றிக்கொண்டு அவரவர் ஊருக்குத் திரும்ப வேண்டும்.

மாற்றும் இடம் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு வெட்டவெளி. ஒரே ஒரு விளக்குக் கம்பம். நல்ல மழை. மணி 1.40.

எதிர்வண்டி இல்லை.

வண்டிகளை அனுப்பும் கம்பெனி யார்டுக்குப் போன் போட்டான். அடித்தது, யாரும் எடுக்கவில்லை. திரும்பிப் போகலாமா? போனால் ஓட்டத்தைப் பாதியில் விட்டவன் என்பார்கள். பிறகு நிலையான ஓட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான். குளிருக்கு இன்ஜினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சாய்ந்தான். கண் சொக்கியது.

டக்… டக்… டக்…

கதவுப் பக்கம் ஒரு வயதானவர். கம்பெனிச் சட்டை. தம்பி கண்ணாடியை இறக்கினான்.

"எதிர்வண்டியாண்ணே?"

"ரொம்ப நேரமா நிக்கிறேன் தம்பி."

அவருக்குப் பின்னால் வண்டி எதுவும் தெரியவில்லை. தள்ளி நிறுத்தியிருப்பார் என்று நினைத்துக்கொண்டான்.

"இங்க காத்திருக்கறதுக்குக் காசு குடுக்கறாங்களா?" என்று கேட்டார்.

"எங்கண்ணே குடுக்கறாங்க…"

"இன்னுமா இல்ல?"

கத்தவில்லை. ஆனால் அந்தக் குரலில் இருந்த கோபத்தில் தம்பிக்கு மயிர்க்கூச்செறிந்தது. அப்போதுதான் கவனித்தான். கொட்டுகிற மழையில் அவர் சட்டை நனையவே இல்லை.

கண்ணாடியை ஏற்றினான். மறுபடி பார்த்தபோது ஆள் இல்லை.

இறங்கிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. தூக்கக் கலக்கம் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டான். தலை கனத்தது. கை கால் அசையவில்லை. இமை தானாக மூடியது…

டக்… டக்…

இந்தத் தடவை சத்தம் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. கேபினுக்கும் டிரெய்லருக்கும் நடுவே. அங்கே ஆள் நிற்க இடமே கிடையாது.

டக் டக் டக்…

முன் கண்ணாடி.

டக் டக் டக் டக்…

கூரை.

பிறகு… சத்தம் நின்றது.

காதோரம் ஒரு மூச்சு. கேபினுக்கு உள்ளே.

"எறங்குடா!"

கதவு திறந்தது. அவன் திறக்கவில்லை.

சேற்றில் விழுந்தான்.

இன்ஜின் நின்றிருந்தது.

சாவி… வெளியே, அவன் கைக்கு எட்டுகிற தூரத்தில், மழையில் கிடந்தது.

குடலே வெளியே வருவதுபோல வாந்தி எடுத்தான். விடியும்வரை விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மழையிலேயே உட்கார்ந்திருந்தான்.

காலையில் அவன் போன் போட்டுச் சொன்னதும் கம்பெனி மெக்கானிக் வந்தார். கேபினுக்கு அடியில் புகைக்குழாய் வெடித்திருந்தது. விஷப் புகை முழுக்க உள்ளேதான் போயிருக்கிறது. "கண்ணாடிய ஏத்திட்டு இன்னும் கொஞ்ச நேரம் தூங்கியிருந்தா பொணமாத்தான் எடுத்திருப்போம்" என்றார். பிறகு வண்டி எண்ணைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இதையா இன்னும் ஓட்டறாங்க? போன வருஷம் இதுக்குள்ளதான் ஒரு பெரியவர் செத்துக் கெடந்தாரு. இதே எடம். எதிர்வண்டி வரலேன்னு அவருக்கு யாருமே சொல்லல. வயசாச்சே தவிர, அவரும் வேலைக்குப் புதுசுதான்."

குழாயில் ஒரு தகரத்தைச் சுற்றிவிட்டு, கேபினைக் கழுவி, வண்டியை மறுபடி வரிசையில் விட்டிருக்கிறார்கள். விவரம் தெரிந்த பழைய ஆள் எவனும் அந்தச் சாவியைத் தொடவில்லை. அதனால் என் தம்பி தலையில் கட்டினார்கள். மனுஷ ஜென்மங்களா இவர்கள்?

தம்பி நேரே யார்டுக்குப் போனான். வண்டி அனுப்புகிறவர் டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "எதிர்வண்டி நேத்து சாயங்காலமே ரத்தாயிடுச்சுப்பா. சொல்ல விட்டுப்போச்சு. டிரெய்லர் மாத்தலையே, அதனால இந்த ஓட்டத்துக்குச் சம்பளம் வராது." தம்பி சாவியை அவர் மேஜையில் விட்டெறிந்தான். இந்த வண்டியை இனி வெளியே அனுப்பினால் கொலை விழும் என்று யார்டே அதிரக் கத்தினான். வேலையையும் விட்டுவிட்டான்.

நாலைந்து மாதம் இருக்கும். தம்பிக்கு ஒரு போன் வந்தது. கம்பெனியில் அப்போதுதான் சேர்ந்திருந்த ஒரு பையன். மெக்கானிக்கிடம் நம்பர் வாங்கியிருக்கிறான். அவனுக்கும் அதே வண்டி, அதே இடம்.

"ராத்திரி கண்ணசந்துட்டேண்ணே. கதவத் தட்டி எறக்கி விட்டாங்க…"

"ஒரு பெரியவர்தானே?" என்றான் தம்பி.

"இல்லண்ணே. ரெண்டு பேரு. இன்னொருத்தனுக்கு என் வயசுதான் இருக்கும். அவன் போட்டிருந்த கம்பெனிச் சட்டையில மடிப்புகூட இன்னும் கலையல."