என் கத்திக்குக் காத்திருந்த தாடிகள்

சவரத் தொழிலில் ஒரு விசித்திரம் உண்டு: நேற்றுவரை நாம் பார்த்தே இராத மனிதன், நாற்காலியில் உட்கார்ந்ததும் அண்ணாந்து கழுத்தைக் காட்டுகிறான். நாமும் அதை நமக்குச் சேரவேண்டிய மரியாதை என்று நினைத்துக்கொள்கிறோம். அந்தக் கழுத்துகள் ஒவ்வொன்றாக என் நாற்காலியை விட்டு எழுந்துபோன காலத்தைச் சொல்கிறேன். குடியோடு மல்லுக்கட்டியவர்களுக்கு, சவரம் தெரியாவிட்டாலும் இது புரியும்.

காலை மருந்து

துறைமுகத்துக்குப் பக்கத்தில் சூலியா தெருவில் என் கடை. ஒரு கண்ணாடி, ஒரு நாற்காலி. காலையில் கை நடுங்கும். சம்சு என்கிற மலிவுச் சாராயம் ஒரு கிளாஸ் உள்ளே போனால் நின்றுவிடும். ஆகவே நான் குடிப்பதே தொழிலுக்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நாளாக நாளாக ஒரு கிளாஸ் போதவில்லை. பிறகு எத்தனை கிளாஸ் போனாலும் நடுக்கம் நிற்கவில்லை.

துறைமுக ஆபீசில் கணக்கெழுதும் கிராணியார், கடை திறந்த நாள் முதல் என் வாடிக்கை. ஒருநாள் ஒரு கன்னம் முடிந்து மறு கன்னத்துக்கு வரும்போது என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். கத்தியை வாங்கி மடக்கி வைத்துவிட்டு, மற்றக் கன்னத்து நுரையைத் துண்டால் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"பாதி முகத்தோட ஆபீசுக்குப் போயிக்கிறேன். உன் கையில முழுக் கழுத்தையும் கொடுக்க முடியாதப்பா."

தப்பான கூட்டம்

விட்டுத் தொலைக்கலாம் என்று முடிவு செய்தேன். தனியாக முடியவில்லை. மதுவிலக்குக் கூட்டம் ஒன்று நடப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். பேசிய ஐயா ஒரு சொட்டும் தொட்டறியாதவர். ஆனாலும் கள்ளின் நுரையையும் வாசனையையும் அது தொண்டையில் இறங்குவதையும் அவர் கண்டித்து வர்ணித்த அழகில் என் நாக்கில் எச்சில் ஊறியது. பக்கத்தில் இருந்தவரும் நெளிந்துகொண்டிருந்தார். பெயர் ராயப்பன், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். என் காதருகே குனிந்தார்.

"இவரு இன்னும் கொஞ்சம் பேசினா நான் நேரா கள்ளுக்கடைக்குத்தான் லா போவேன். எந்திரி தம்பி, வேற இடம் இருக்கு."

அரை கிளாஸ் தேநீர்

அந்த வேறு இடம், காதர் பாய் தேநீர்க் கடையின் பின்கட்டு. குடியை விடப் பார்க்கிறவர்கள் சிலர், கள்ளுக்கடை திறந்திருக்கும் சாயங்கால நேரம் முழுக்க அங்கே உட்கார்ந்திருப்பார்கள். அது மூடியதும் வீட்டுக்குப் போவார்கள். பிரசங்கம் கிடையாது, சத்தியம் கிடையாது. வராதவனை இரண்டு பேர் போய் அழைத்து வருவார்கள். அன்றைக்குப் பட்ட பாட்டை அவரவர் சொல்லலாம். மாட்டுவண்டிக்கார முத்து, தான் விட்டாலும் தன் மாடு விடவில்லை என்றான். பழக்கதோஷத்தில் தினமும் கள்ளுக்கடை வாசலில் நின்றுவிடுகிறதாம்.

என் முறை வந்தபோது, குடிக்காவிட்டால் கத்தி பிடிக்க முடியாது என்று சொன்னேன். யாரும் புத்திமதி சொல்லவில்லை. என் கை நடுங்கித் தேநீர் மடியில் சிந்தியது. சொந்தக் கைக்கு இப்படி வெட்கப்படுவேன் என்று நான் நினைத்ததே இல்லை. காதர் பாய் கிளாஸை வாங்கினார்.

"அரை கிளாஸா ஊத்துறேன், சிந்தாம குடிங்க தம்பி. கை நின்னதும் முழுசா கேளுங்க."

எந்தச் சாமிக்கு?

கடையைப் பூட்டிவிட்டுப் பின்கட்டே கதியென்று கிடந்தேன். கொஞ்ச நாளில் ஒன்று என் கண்ணை உறுத்தியது. கூட்டத்தில் ஒருவருக்கும் சவரம் இல்லை! ராயப்பன் கோரைப்பாயாக ஒரு தாடி வைத்துக்கொண்டு சதா சொறிந்தபடி இருந்தார். ஊரில் வேறு நாவிதனே இல்லையா என்று எரிச்சலாகக்கூட இருந்தது. கேட்டால் பேச்சை மாற்றினார்கள். ஒருநாள் பூக்கார அம்மாள் ராயப்பனிடம், எந்தச் சாமிக்கு வேண்டுதல் என்று கேட்டாள். நான் பின்னால் வருவது அவருக்குத் தெரியாது.

"சாமிக்கு இல்லக்கா. நம்ம தம்பிக்குக் கை சரியாகட்டும், மொதல்ல அவன்தான் எடுக்கணும்னு எல்லாரும் வச்சிருக்கோம்."

மாடு நின்ற இடம்

இதைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. இவர்களை யார் கேட்டது? கை சரியாகவே ஆகாவிட்டால்? அந்தப் பயத்திலேயே மறுநாள் சாயங்காலம் பின்கட்டுக்குப் போகாமல் கள்ளுக்கடை வாசலில் போய் நின்றேன். உள்ளே ஒரு அடி வைத்தால் போதும், எந்தத் தாடிக்கும் பதில் சொல்ல வேண்டாம். முதுகுக்குப் பின்னால் மணிச் சத்தம் கேட்டது. முத்துவின் மாடு வழக்கம்போல அங்கே வந்து நின்றது. வண்டிமேல் தாடியோடு முத்து.

"மாட்டுக்குத்தான் புத்தியில்ல. நீங்க எதுக்கு நிக்கிறீங்க? ஏறுங்கண்ணே."

மீதிப் பாதி

ஏறினேன். அதன்பிறகு ஒருநாளும் தவறாமல் பின்கட்டுக்குப் போனேன். ஒரு சாயங்காலம், கிளாஸ் நிறைய ஊற்றச் சொல்லிக் காதர் பாயிடம் கேட்டேன். விளிம்பு வரை ஊற்றினார். உதட்டுக்குக் கொண்டுபோனேன்; சிந்தவில்லை. மறுநாள் காலையில் கடையைத் திறந்தபோது வாசலில் தாடிகள் நின்றிருந்தன.

ராயப்பன் உட்கார்ந்து, கண்ணை மூடி, அண்ணாந்தார். அந்தக் கழுத்தைப் பார்த்ததும் கை லேசாக நடுங்கியது. இது வேறு நடுக்கம். காதோரம் ஒரு சின்னக் கீறல் விழுந்தது. அவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அடுத்து முத்து உட்கார்ந்தான். அவன் எழுந்ததும் அடுத்தது யாரென்று பார்த்தால், கிராணியார் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

"அந்த மீதிப் பாதி இன்னும் பாக்கி இருக்கப்பா."

இன்றும் கள்ளுக்கடை திறந்திருக்கும் சாயங்கால நேரத்தில் என் கடை பூட்டியேதான் இருக்கும். அவசரமாக முகம் மழிக்க வேண்டியவர்கள், பின்கட்டுக்காரர்கள் எனக்காகச் செய்ததுபோல, தாடியோடு கொஞ்சம் காத்திருக்கப் பழகிக்கொள்ளுங்கள்.