பென்சில் எழுதாத பக்கம்

ஊரில் எல்லோரும் அவரை 'அரைகிராம்' என்றுதான் சொல்வார்கள், முகத்துக்கு நேரே அல்ல. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற சந்தில் தராசு பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். காய்கறிக்காரர், கறிக்கடைக்காரர், பழைய இரும்புக்காரர் என்று யாருடைய தராசானாலும் ஒரு நாள் அவர் மேஜைக்கு வந்துதான் ஆக வேண்டும். தராசு காட்டுகிற எண்ணை அவர் எடுத்த எடுப்பில் நம்பியதே கிடையாது. பித்தளை எடைக்கல்லைத் துணியால் பிடித்து எடுத்து, தட்டின் நடுவில் ஒரு தடவை, நாலு மூலையிலும் நாலு தடவை வைத்துப் பார்த்த பிறகுதான் தலையை ஆட்டுவார். முப்பது வருஷமாக இதையே செய்கிற மனுஷன் வீட்டுக்கு வந்தால் மட்டும் மாறிவிடுவாரா? மருந்துக்கடையில் கொடுத்த மாத்திரையை அங்கேயே நின்று எண்ணுவார். வானொலியில் மழை இல்லை என்று சொன்னால், வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டுக் குடையோடு கிளம்புவார்.

அவர் சோதிக்காமல் நம்பிய பொருள் ஒன்றே ஒன்றுதான்: அச்சடித்த கதைப் புத்தகம். அவர் மனைவிக்கும் அதே கிறுக்கு. அந்த அம்மாள் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டுத் துணி தைக்கிறவர். கல்யாணமான முதல் வருஷம் ஏதோ சண்டை வந்து, இரண்டு பேரும் மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் அவர் தலையணை மேல் ஒரு நாவல் கிடந்தது. துணியில் அளவு குறிக்கிற நீலப் பென்சிலால் ஒரு வரிக்குக் கீழே கோடு போட்டிருந்தாள். 'பேசாமல் இருப்பவன் எல்லாம் ஞானி இல்லை. சிலருக்குச் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை.' அவர் கடைப் பென்சிலை எடுத்து ஓரத்தில் எழுதினார்: 'எனக்கு இருக்கு. மன்னிச்சுக்கோ.'

அன்றிலிருந்து இருபத்தாறு வருஷமாக அந்த வீட்டில் முக்கியமான பேச்செல்லாம் புத்தகத்தின் ஓரத்தில்தான் நடந்தது. முதலில் அவள் படிப்பாள், கோடு போடுவாள். பிறகு அவர் படிப்பார், பதில் எழுதுவார். மகள் படிக்க வெளியூர் போனபோது அழுததும், அவர் புகைப்பழக்கத்தை விட்டதும், கடையை மூடிவிடலாமா என்று யோசித்ததும் எல்லாம் ஏதாவது ஒரு நாவலின் ஓரத்தில் கிடக்கிறது. வாயால் பேசியது பால் தீர்ந்த கதை, குழாய் ஒழுகுகிற கதை மட்டும்தான். அதனால் அவள் வாயால் சொல்கிற எதற்கும் அவர் 'ம்ம்' என்று ஒரு பதிலையே வைத்திருந்தார்.

இந்த ஏற்பாட்டில் மண் விழுந்தது அவள் மணிக்கட்டால்தான். கத்தரிக்கோல் பிடித்துப் பிடித்து, வலது கட்டைவிரல் நரம்பு வீங்கிவிட்டது. டாக்டர் பட்டை போட்டுவிட்டு, கனமான எதையும் அந்தக் கையால் பிடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். அடுத்த வாரம் கடைவீதிக்குப் போனவள் கையகலத்தில் சாம்பல் நிறப் பலகை ஒன்றோடு வந்து நின்றாள்.

"இது என்னது?"

"புத்தகம் படிக்கிற கருவிங்க. ஆயிரம் புத்தகம் பிடிக்குமாம்."

அவர் அதைக் கடைக்கு எடுத்துப்போய்த் தராசில் வைத்தார். நூற்று எண்பத்திரண்டு கிராம். மறுநாள் அவள் அதில் இருபது நாவல் ஏற்றியிருந்தாள். மறுபடி எடுத்துப்போய் வைத்தார். அதே நூற்று எண்பத்திரண்டு. வேறு தராசில் வைத்தார். நாலு மூலையிலும் வைத்தார்.

"இருபது புத்தகம் உள்ள போயும் ஒரு கிராம் கூடலையே. இதுல ஏதோ ஏமாத்து இருக்கு" என்றார் வீட்டுக்கு வந்து.

"மடியில கனமில்லைன்னா வழியில பயமில்லைன்னு சொல்லுவாங்க. உங்களுக்குக் கனமில்லாததே பயமா இருக்கு" என்றாள் அவள்.

அவர் விடவில்லை. பழைய புத்தகக் கடைக்காரரிடம் போய் நியாயம் கேட்டார். தன் பிழைப்பில் கை வைக்கிற சாமானைப் பற்றி அந்த மனுஷன் நல்லதாகவா சொல்வார்? "வாங்கினது புத்தகம்னு நினைக்காதீங்க அண்ணே. கம்பெனிக்காரன் படிச்சுக்கோன்னு அனுமதி கொடுத்திருக்கான், அவ்வளவுதான். அவன் நினைச்சா அங்க இருந்தே பிடுங்கிக்குவான். நீங்க எந்தப் பக்கத்துல எத்தனை நேரம் உட்கார்ந்தீங்கன்னுகூட அவனுக்குத் தெரியும்" என்று எரிகிற புண்ணில் மிளகாயையும் தேய்த்து அனுப்பினார்.

அன்று சாப்பிடும்போது அவர் ஆரம்பித்தார். "அதுல படிச்சதை அடுத்தவங்களுக்கு இரவல் கொடுக்க முடியுமா?"

"முடியாது போலிருக்கு."

"படிச்சு முடிச்சா பழைய புத்தகக் கடையில போட முடியுமா?"

"முடியாது."

"அப்போ எதுக்கு வாங்கணும்?"

"என் கை வலிக்காம படிக்க முடியுது. போதாதா? நீங்க இரவல் கொடுத்ததுல எத்தனை திரும்பி வந்துச்சு, அதைச் சொல்லுங்க."

அவர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்து, இரண்டோடு நிறுத்திக்கொண்டார். ஆனால், அந்தக் கருவியை இனிக் கையால் தொடுவதில்லை என்று மட்டும் முடிவு செய்தார். அவள் இரண்டு தடவை அதை அவர் பக்கம் நீட்டினாள். இரண்டு தடவையும் அவர், "உன் பொருள், நீயே வச்சுக்கோ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாம் தடவை அவள் நீட்டவில்லை.

இரண்டு மாதம் ஓடியது. முன்பெல்லாம் அவள் கையில் இருக்கிற அட்டையைப் பார்த்தாலே என்ன கதை, எந்த இடத்தில் இருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். இப்போது எதைப் படித்தாலும் அதே சாம்பல் பலகை. திடீரென்று தனியாகச் சிரிப்பாள். "என்ன சிரிப்பு?" என்றால், "ஒண்ணுமில்ல" என்பாள். அவர் தலையணை மேல் ஒரு புத்தகமும் வந்து விழவில்லை. கடைப் பென்சில் சீவாமலே கிடந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்ல வேண்டுமென்றால், அவருக்குப் பொறாமையாக இருந்தது. ஒரு பலகை மேல் பொறாமைப்படுகிறோமே என்று அவமானமாகவும் இருந்தது.

பொறுக்க முடியாமல் அவரே ஒரு தடித்த நாவல் வாங்கினார். ராவும் பகலுமாகப் படித்து, ஒரு வரிக்குக் கோடு போட்டு, தையல் மெஷின் மேல் வைத்தார். 'நீ இருக்கும் அறையிலேயே நான் உன்னைத் தேடிக்கொண்டிருக்கிறேன்' என்பது அந்த வரி. அவள் புத்தகத்தை இடது கையால் தூக்கிப் பார்த்தாள். "அப்பாடி, என்ன கனம்" என்று ஜன்னலோரம் நகர்த்தி வைத்துவிட்டுத் தைக்கப் போய்விட்டாள். அறுநூற்று நாற்பது கிராம். அவர் அதையும் நிறுத்துத்தான் வைத்திருந்தார். அந்தக் கனத்தைத் தூக்க அவள் கைக்கு முடியாது என்பது மட்டும் ஏனோ அவருக்கு உறைக்கவில்லை. வேண்டாம் என்று ஒதுக்குகிறாள் என்றே எடுத்துக்கொண்டார்.

சந்தேகம் வந்துவிட்டால் அதற்குத் தீனி தேடி அலைய வேண்டியதில்லை, தானாக வந்து சேரும். அவள் புதுச் செருப்பு வாங்கினாள். மிச்சத் துணியில் தோளில் மாட்டுகிற பெரிய பை ஒன்று தைத்தாள். யார் பை என்று கேட்டதற்கு, "எனக்குத்தான்" என்றாள். போன் வந்தால் எழுந்து மாடிப்படிக்குப் போய்ப் பேசினாள். 

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் மொட்டைமாடிக்குக் காயப்போட்ட துணி எடுக்கப் போயிருந்தாள். பலகை மெஷின் மேல் திறந்தபடி கிடந்தது. அவர் குட்டி போட்ட பூனை மாதிரி அதைச் சுற்றி இரண்டு நடை நடந்தார். பிறகு எடுத்துவிட்டார்.

ஒரு வரிக்குக் கீழே புள்ளி புள்ளியாகக் கோடு போட்டிருந்தது. 'பாதி வாழ்க்கையை ஒருவனுக்குக் கொடுத்தவள், மீதியைத் தனக்கென்று வைத்துக்கொண்டால் அது திருட்டு ஆகாது.'

அந்த வீட்டில் கோடு என்றால் அது சேதி. வேறு அர்த்தமே கிடையாது. கோட்டுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் என்னமோ இருந்தது, மூக்குக்கண்ணாடி இல்லாமல் தெரியவில்லை. கை பட்டுப் பக்கம் புரண்டது. மூன்று பக்கம் தள்ளி இன்னொரு கோடு. 'கிளம்புவது என்று முடிவெடுத்த பிறகு கதவைத் தேடாதே, செருப்பைத் தேடு.'

அவர் வாசலைப் பார்த்தார். புதுச் செருப்பு அங்கேதான் இருந்தது. ஆணியில் பை தொங்கியது.  இருபத்தாறு வருஷமாக அவளுக்குப் பதில் சொல்ல அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, பலகையின் ஓரத்தில் 'போ' என்று எழுதினார். பதியவில்லை. பக்கம் புரண்டது. அழுத்தி எழுதினார். மறுபடி புரண்டது. நெற்றியெல்லாம் வேர்க்க, பல்லைக் கடித்துக்கொண்டு ஆணி அடிக்கிற மாதிரி அழுத்தி, 'போகாதே' என்று முழுசாக எழுதி முடித்தார். எழுதி முடித்துத் துடைத்துப் பார்த்தால் கரி போய்விட்டது, கீறல் நின்றுவிட்டது.

அவள் தோள் நிறையத் துணியோடு உள்ளே வந்தாள். அவர் கையில் பலகை, மறுகையில் பென்சில்.

"ஐயையோ! என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க?"

"எங்க போகப்போற?" என்றார் அவர். "என்ன தப்பு பண்ணேன்னு சொல்லு, சரி பண்ணிக்கறேன். இப்படிக் கோடு போட்டு வச்சுட்டுப் போகாதே."

அவள் துணியை நாற்காலியில் போட்டாள். பலகையை வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்துக் கீறலைப் படித்தாள். அப்புறம் அந்தக் கோட்டைப் பார்த்தாள். சிரிப்பு வந்தது, ஆனால் பாதியிலேயே நின்றுவிட்டது.

"இந்தப் புள்ளிக் கோடு நான் போட்டது இல்லைங்க. இந்தக் கதையைப் படிச்ச மத்தவங்க போட்டது. பக்கத்துல பாருங்க, பதிமூணு பேர்னு இருக்கு. யாரோ எவரோ. அதெல்லாம் தானா தெரியும்."

"யாரோ பதிமூணு பேர் உன் புத்தகத்துல எதுக்குக் கோடு போடறாங்க?"

"அதை அப்புறம் நிறுத்துப் பார்ப்போம். நான் எங்க போறேன்னு உங்களுக்கு நிஜமாவே தெரியாதா? தங்கச்சிக்கு முழங்கால் ஆபரேஷன், பதினெட்டாம் தேதி போறேன், வர பத்து நாள் ஆகும்னு ரெண்டு தடவை சொன்னேன். ரெண்டு தடவையும் 'ம்ம்'னீங்க."

அவருக்கு 'ம்ம்' சொன்னது ஞாபகம் இருந்தது. எதற்குச் சொன்னோம் என்பதுதான் ஞாபகம் இல்லை.

"வாயால சொன்னா உங்களுக்கு ஏறாதுன்னு தெரியும். அதனாலதான் கோடும் போட்டேன்." அவள் எதையோ தட்டினாள். வரிசையாக வரிகள் வந்தன. "என் கோடு எல்லாம் இங்க இருக்கு. நாப்பத்தொண்ணு. எல்லாம் உங்களுக்குப் போட்டதுதான். நீட்டினா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டீங்க. சரி, நான் இல்லாதப்பவாவது எடுத்துப் பார்ப்பீங்கன்னு தினம் மெஷின் மேலயே வச்சுட்டுப் போனேன். ஒரு பதிலும் இல்ல. அவருக்கு என்கிட்ட பேச ஒண்ணும் இல்ல போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

கடைசியில் இருந்த வரியை அவள் காட்டினாள். 'தனியாகப் போக எனக்கு வழி தெரியும். நீ கூட வந்தால் தூரம் தெரியாது.' கீழே தேதி இருந்தது. மூன்று வாரம் முந்திய தேதி.

 அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "டிக்கெட் ரெண்டா எடுத்திருக்க?"

"ஒண்ணுதான் எடுத்தேன். நீங்க பதிலே சொல்லலையே."

 அவர் காய்ந்த துணி கிடந்த நாற்காலியில் துணி மேலேயே உட்கார்ந்துவிட்டார். இன்னொரு டிக்கெட் எடுத்துவிட்டு வருகிறேன் என்று கொஞ்ச நேரம் கழித்து எழுந்தவரை, அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"வேண்டாம். நாப்பத்தொண்ணுக்கும் பதில் எழுதுங்க முதல்ல. எழுதி முடிச்சுட்டு அங்க வாங்க. இது உங்ககிட்டயே இருக்கட்டும்."

"அத்தனை நாள் சார்ஜ் நிக்குமா?"

"அது நிக்கும். நீங்க நிக்கறீங்களா பாருங்க. பென்சிலை மட்டும் பக்கத்துல கொண்டு போகாதீங்க."

பதினெட்டாம் தேதி பேருந்தில் ஏற்றிவிட்டார். பையைத் தூக்கிக் கொடுக்கும்போது கனத்தது. உள்ளே அவருடைய அந்தத் தடித்த நாவல் இருந்தது. "கை வலிக்குமே" என்றார். "மடியில வச்சுப் படிச்சுக்கறேன்" என்றாள்.

கடைக்கு வந்தவர் பழக்கதோஷத்தில் பலகையைத் தராசில் வைத்தார். நூற்று எண்பத்திரண்டு. அந்த எண்ணை அவர் இப்போதும் நம்பவில்லை. முதல் கோட்டைத் தேடிப் பிடித்தார். வாங்கின மறுநாளே போட்டது. கோட்டுக்குக் கீழே அவள் தட்டி வைத்த குறிப்பு இருந்தது: 'எழுத்தைப் பெரிசாக்கினா கண்ணாடி இல்லாமலே படிக்கலாம். உங்களுக்கும் சேர்த்துத்தான் வாங்கினேன்.'

அந்த வரியின் ஓரத்திலும் 'போகாதே' என்ற கீறல் இருந்தது. அடுத்த பக்கத்திலும் இருந்தது. எந்தப் பக்கத்துக்குப் போனாலும் இருந்தது. கறிக்கடைக்காரர் தராசோடு வந்து நின்றதைக்கூடக் கவனிக்காமல், அவர் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார். 'படிச்சேன். மன்னிச்சுக்கோ' என்று முடிக்க அரை மணி நேரம் ஆனது. இன்னும் நாற்பது பாக்கி இருந்தது.