சைக்கிளில் ஓடிய விளையாட்டு

தம்பியை வீட்டுக்குள் வைத்திருக்க அம்மா கண்டுபிடித்த வழி வீடியோ கேம். சிரிக்க வேண்டாம். அந்த நாட்களில் யாழ்ப்பாணத்து உரும்பிராயில் பிள்ளையைக் காப்பாற்ற வீட்டுக்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். சிலர் காணியை விற்று வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள், சிலர் கோயிலுக்கு நேர்த்தி வைத்தார்கள். அப்பா இல்லாத எங்கள் வீட்டுக்கு ஜேர்மனியில் ஒரு சித்தப்பா இருந்தார்.

அவர் முதல் கேமை அனுப்பியபோது தம்பிக்கு ஏழு வயது, எனக்குப் பதினொன்று. உள்ளங்கை அளவுதான். மரத்திலிருந்து விழும் பழங்களைக் கூடையில் ஏந்த வேண்டும், அவ்வளவே. அதற்காக அவன் சோறு தண்ணியை மறந்தான். கண் கெட்டுப்போகும் என்று அம்மா அதைப் பிடுங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

நாலு வருடம் கழித்து, ரீவியில் கொழுவி விளையாடுகிற ஒன்று கொழும்பு வழியாக வந்தது. கசெற்றைச் செருகினால் சிவப்புக் கார் ஒன்று திரை முழுக்க ஓடும். அதற்குள் ஊரில் பொடியன்கள் ஒவ்வொருவராக இயக்கத்தில் சேர்ந்து காணாமல் போகத் தொடங்கியிருந்தார்கள். முன்பு பிடுங்கிப் பூட்டிய அதே அம்மா இப்போது அவன் பக்கத்தில் தேத்தண்ணியைக் கொண்டுபோய் வைத்து, “விளையாடு ராசா” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் படிக்கும்போது ஒருநாளும் அப்படித் தேத்தண்ணி வந்ததில்லை.

தொண்ணூறில் சண்டை மூண்டு ஊருக்கே மின்சாரம் நின்றது. ரீவிக்கு மேல் அம்மா ஒரு துணியை விரித்துவிட்டார்.

மின்சாரம் இல்லை என்று சித்தப்பாவுக்கு எழுதினோம். இரண்டு வருடம் கழித்து, கிளாலிக் கடலைப் படகில் தாண்டி வந்த உறவுக்காரர் ஒருவரின் பிஸ்கட் ரின்னுக்குள் மூன்றாவது கேம் வந்தது. பச்சைத் திரையில் மேலிருந்து கட்டைகள் விழும், அடுக்க வேண்டும். “இது பற்றரியில் ஓடும், இனிக் கவலை இல்லை” என்று கடிதம். அரசாங்கம் எங்கள் பக்கம் பற்றரி வரவும் தடை போட்டிருந்தது என்பது அந்த மனுசனுக்கு எப்படித் தெரியும்? உள்ளே இருந்த நாலும் ஒரு கிழமையில் படுத்தன. வெயிலில் காயவைத்தோம், ஓட்டை போட்டு உப்புத்தண்ணி விட்டோம். இரண்டு நாள் உயிர்த்துவிட்டு ஒரேயடியாகச் செத்துப்போயின.

பிறகுதான் சைக்கிள். ஊரே அப்படித்தான் ரேடியோ கேட்டது. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பின் சில்லில் டைனமோவைச் சாய்த்து, வயர் இழுத்து, ஒருவர் மிதித்தால் மற்றவர்கள் செய்தி கேட்கலாம். ரேடியோ திருத்துகிறவர் எங்கள் கேமுக்கும் அப்படியொரு வயர் போட்டுத் தந்தார். மிதிக்கிற ஆள் நான். வேகம் குறைந்தால் திரை வெளிறும். நிறுத்தினால் அவன் அடுக்கியது எல்லாம் போய்விடும்.

ஒவ்வொரு பின்னேரமும் மிதிக்க வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. காரணம் இருந்தது. பின்னேரங்களில் சந்தியில் இயக்கப் பொடியன்கள் ஜெனரேற்றர் போட்டு ரீவி வைத்துச் சண்டைப் படம் காட்டுவார்கள். ஊரில் வெளிச்சம் வருகிற திரை அது ஒன்றுதான். அதைப் பார்க்கப் போன சிலர் அப்படியே அவர்களோடு போய்விட்டார்கள், வீடு திரும்பவில்லை. “ஒரு மணித்தியாலம் மிதி பிள்ளை. அவன்ரை கால் வாசலைத் தாண்டக் கூடாது” என்பார் அம்மா.

அன்று வெள்ளிக்கிழமை. அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். மறுநாள் எனக்கு இரசாயனவியல் சோதனை. கைப்பிடியில் கொப்பியைக் கட்டிவைத்து வாசித்துக்கொண்டே மிதித்தேன். ஒரு எழுத்தும் மண்டைக்குள் போகவில்லை. காலைக் கீழே போட்டேன்.

“ஐயோ அக்கா! இவ்வளவு நாளிலை இண்டைக்குத்தான் கூடப் புள்ளி எடுத்தனான்!”

“எனக்குச் சோதனை. உன்ரை கட்டையை நீயே மிதிச்சு அடுக்கு.”

கேமை மடியில் வைத்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

“சந்தியிலை படம் போடுறாங்கள். பாத்திட்டு வரட்டே?”

அம்மா சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மறந்து சொன்னேன் என்று இப்போதும் சொல்ல மாட்டேன்.

“போய்த் துலை. என்ரை காலாவது ஆறட்டும்.”

“கெதியா வாறன்” என்று சிரித்துக்கொண்டே போனான்.

மூன்றாம் நாள், இயக்கத்துக்குப் போய்விட்டான் என்று ஆள் வந்து சொன்னது. அம்மா என்னிடம் ஒரே ஒரு முறைதான் கேட்டார்.

“உனக்குத் தெரியாமல்தானே போனவன்?”

“ஓம் அம்மா.”

அதன்பிறகு அம்மா கோயில் வாசலை மிதிக்கவில்லை. சாமி கும்பிடப் போன நேரத்தில் பிள்ளையைத் தவறவிட்டேன் என்று தன்னைத்தானே தின்றார். ஒன்றரை வருடத்தில் அவன் உடல் வந்தது. முகத்தைப் பார்க்க விடவில்லை. அன்றும் நான் வாய் திறக்கவில்லை.

தொண்ணூற்றைந்தில் ஆமி நெருங்கிவர, ஊரே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. மழை. முன்னாலும் பின்னாலும் சனம். ஒரு அடி வைக்க ஐந்து நிமிடம். அம்மா திடீரென்று நின்றார்.

“அண்டைக்கு நான் வீட்டிலை நிண்டிருந்தால் அவன் போயிருக்கமாட்டான், என்ன பிள்ளை?”

ஒரு வசனம் போதும், அந்தப் பாரம் அவரை விட்டு இறங்கியிருக்கும். அம்மாவின் கையைப் பிடித்தேன்.

“வெள்ளம் நிக்குது. பாத்து நடவுங்கோ” என்றேன்.