என் கோணல் இடுப்பு

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் குதிரை ஏறப் பழகிய அந்த ஆறு வாரமும் நான் குதிரையோடும் சண்டை போட்டேன், மனைவியோடும் சண்டை போட்டேன். இரண்டு பேருமே என்னை மன்னித்தார்கள். குதிரை கொஞ்சம் சீக்கிரமாக மன்னித்தது.

அப்போது இலங்கை மலைநாட்டில், ஹேவாஹெட்ட பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர். தோட்டத்துச் சனங்கள் ‘டாக்டரையா’ என்பார்கள். நானும் ஒருநாளும் மறுத்ததில்லை. முப்பதுகளின் தொடக்கம் அது. தேயிலை விலை விழுந்து, எல்லாத் தோட்டங்களிலும் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். வேலையை விட்டு அனுப்பும்போது தொழிலாளிக்குப் பத்துச்சீட்டு என்று ஒன்று கொடுப்பார்கள். எங்கள் துரையும் சீமைக்குத் திரும்ப வேண்டும் என்று கடிதம் வந்ததும், “தொரைக்கே பத்துச்சீட்டு கெடச்சிருச்சு!” என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒரே சிரிப்பு.

எங்கள் வீட்டில் மட்டும் யாரும் சிரிக்கவில்லை. கப்பலேறுமுன் துரை தன் குதிரையைச் சுட்டுவிடப் போகிறார் என்று குதிரைக்காரர் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பழுப்பு நிறப் பெண்குதிரை. துரைமார் ஊருக்குப் போகும்போது குதிரையைச் சுடுவது ஒன்றும் புதிதல்ல. விற்றால் கண்டியிலோ கம்பளையிலோ வாடகை வண்டியில் பூட்டி அடித்தே கொல்வார்கள் என்பது அவர்களுடைய நியாயம்.

சனங்களுக்கு லயம், குதிரைக்கு லாயம். எழுத்தில் ஒரு கால்தான் வித்தியாசம் என்றாலும் லாயத்துக் கூரைதான் ஒழுகாது. அந்த லாயம் எங்கள் வீட்டுக்கும், மலைத்தண்ணீர் விழும் பீலிக்கும் நடுவில் இருந்தது. தண்ணீருக்குப் போகும்போதெல்லாம் என் மனைவி அதற்கு ரொட்டித் துண்டு கொடுப்பாள். நான் ‘அது’ என்பேன், அவள் ‘அவ’ என்பாள்.

“என்னங்க, சும்மாவா இருக்கப் போறீங்க? மேல் டிவிசனுக்கும் கீழ் டிவிசனுக்கும் மருந்துப் பெட்டியோட கால் தேய நடக்கிறீங்களே, நமக்குக் குடுக்கச் சொல்லுங்க. அவளச் சுட விட்டுட்டு எனக்குச் சோறு எறங்காது.”

போய்க் கேட்டேன். ஏறி ஓட்டிக் காட்டச் சொன்னார் துரை. என் அப்பா கம்பளை ஸ்டேஷனிலிருந்து தோட்டங்களுக்கு அரிசி மூட்டை ஏற்றிய மாட்டுவண்டிக்காரர். கயிறு பிடிக்க எனக்குச் சொல்லியா தர வேண்டும்? வலது பக்கம் போகக் கடிவாளத்தின் வலது வாரை இழுத்தேன். நிற்க வைக்கப் பின்னால் சாய்ந்து “ஹோ, ஹோ” என்று இரண்டு வாரையும் இழுத்தேன். குதிரை வாயைப் பிளந்து தலையை உதறியது. துரையின் முகம் சிவந்துவிட்டது. இப்படி இழுத்தால் ஒரே மாதத்தில் அதன் வாய் மரத்துப் போகும், அதற்குக் குண்டே மேல் என்று ஆங்கிலத்தில் பொரிந்தார். ஆனாலும் என் மூஞ்சியைப் பார்த்து மனம் இளகியிருக்க வேண்டும். ஆறு வாரம் தவணை கொடுத்தார். பங்களாவுக்குக் கீழே டென்னிஸ் ஆடும் சமதரையில் இரண்டு பக்கமும் வட்டம் போட்டு, நேர்கோட்டில் வந்து, வாரை இழுக்காமல் குதிரையை நிறுத்த வேண்டும். நின்றால் குதிரை எனக்கு. நிற்காவிட்டால் அவர் சொன்னபடிதான்.

இந்தப் பயிற்சிக்கு அவர் ஒரு பெயர் சொன்னார். ‘டிரெஸ்ஸாஜ்’. என் காதில் ‘டிரஸ்’ மட்டும்தான் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை கண்டிக்கு இறங்கி, தையல்காரர் ஒருவரைப் பிடித்து, துரைமார் போடுவதுபோல் முழங்காலோடு ஒட்டிய காற்சட்டை ஒன்று தைத்துக்கொண்டு வந்தேன். அதைப் பார்த்துத் துரை கண்ணில் நீர் வரச் சிரித்தார். “உடுப்பு இல்லே, உடம்பு! உடம்பு படிக்கணும்!” என்றார். ஏவலைத் தவிர வேறு தமிழ் பேசாத மனிதர் எனக்குச் சொன்ன ஒரே பாடம் அதுதான்.

இரண்டு வாரத்தில் இடது வட்டம் ஓரளவு படிந்தது. வலது வட்டம் வரவே மாட்டேன் என்றது. வட்டம் தொடங்கும், பாதியில் குதிரை வெளியே நழுவி வேலிப்பக்கம் போய்விடும். “இந்தச் சனியனுக்கு வலது பக்கமே தெரியல!” என்று ஒருநாள் கத்தினேன். மேட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி எழுந்து வந்தாள்.

“அவளுக்கு ஒண்ணும் இல்லங்க. உங்களுக்குத்தான் இடுப்பு கோணல். இடுப்புல கொடம் வச்ச பொம்பள மாதிரி ஒரு பக்கமா ஒடிஞ்சு ஒக்காந்திருக்கீங்க. அவ பாவம், நீங்க சாயிற பக்கந்தானே போவா?”

குதிரைக்காரர் முன்னாலேயே இப்படிச் சொன்னாள். எனக்கு எப்படி இருந்திருக்கும்! இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை அவள் பீலியிலிருந்து குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறி வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இடுப்பு ஒரு பக்கம் துருத்தி, தோள் மறுபக்கம் இறங்கி இருந்தது. டென்னிஸ் தரையில் விழுந்த என் நிழல் அதேதான். போய்ச் சொன்னேன். “இப்பவாவது தெரிஞ்சுதே” என்று சிரித்தாள். பிறகு அந்தக் குடத்தைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டாள்.

“இடுப்புல வச்சா ஒடம்பு ஒடியும். தலையில வச்சா ஒடிய முடியாது. நாளையிலருந்து நீங்கதான் தண்ணிக்குப் போறீங்க.”

அட, மானம் போன கதையைக் கேளுங்கள். விடிந்ததும் கொழுந்து எடுக்கப் போகிற பெண்கள் எல்லாம் அந்தப் பாதையில்தான் போவார்கள். முதல் நாளே ஒருத்தி, “என்னங்கம்மா, ஒங்களுக்கு ஒடம்புக்கு முடியலையா?” என்று விசாரித்தாள். “எனக்கு நல்லாத்தான் இருக்கு. ஐயாவுக்குத்தான் இடுப்பு சரியில்ல” என்றாள் என் மனைவி. அதன்பின் ஒரு வாரம் என் இடுப்புதான் மலை முழுக்கப் பேச்சு.

கழுத்தை விறைத்தால் தண்ணீர் தளும்பி முதுகில் ஊற்றும். மூச்சைப் பிடித்தாலும் ஊற்றும். மூச்சை விட்டு, இடுப்பை அதன் போக்கில் நடக்க விட்டால் மட்டும் குடம் அசையாமல் வரும். பத்துப் பதினைந்து நாள் நனைந்த பிறகுதான் பிடிபட்டது. அதே உடம்போடு குதிரையில் ஏறி உட்கார்ந்தேன். உட்காரும் எலும்பு இரண்டிலும் என் பாரம் சமமாக இறங்குவது அன்றுதான் எனக்கே தெரிந்தது. கையை ஒன்றும் செய்யவில்லை, வட்டத்துக்கு உள்ளே திரும்பிப் பார்த்தேன், அவ்வளவுதான். குதிரை ஒரு காதைப் பின்னால் திருப்பி, நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டே வலது பக்கம் வளைந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதுவரை அதன் வாயைப் பிடித்து இழுத்ததற்கெல்லாம் இறங்கி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன்.

தவணை நாள் காலையில் பனிமூட்டம். குதிரைக்காரர் வழக்கம்போல் குதிரையை டென்னிஸ் தரைக்கே கொண்டு வந்திருந்தார். துரை தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஓரத்தில் நின்றார். என் மனைவி வேலிக்கு வெளியே நின்றாள். இடது வட்டம் நன்றாகவே போனது. வலது வட்டத்தில், ஓட்டத்தின் நடுவே, கால் வைக்கும் வளையத்திலிருந்து என் வலது பாதம் நழுவிவிட்டது. ஐயோ, வாரைப் பிடித்து இழு என்று கை துடித்தது. இழுக்கவில்லை. காலைத் தொங்கவிட்டு, மூச்சை விட்டு, அப்படியே உட்கார்ந்திருந்தேன். குதிரை நழுவாமல் வட்டத்தை முடித்தது. நேர்கோட்டில் வந்து, நடுவில், நான் உடம்பைச் சற்றே கனக்க விட்டதும் நின்றது. நாலு காலும் சரியாக ஊன்றி நின்றது.

துரை குதிரையை ஒருமுறை சுற்றி வந்தார். அதன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். பிறகு லாயத்துப் பக்கம் நின்ற இரண்டு ஆட்களைப் பார்த்து, “குழியே மூடு” என்றார்.

எந்தக் குழி? எனக்கு ஒன்றும் புரியவில்லை. வேலியோரம் போய் மனைவியைக் கேட்டேன். குதிரையைப் புதைக்க, முந்தின நாள் காலையிலேயே லாயத்துக்குப் பின்னால் வெட்டத் தொடங்கிவிட்டார்களாம். என்னைத் தண்ணீருக்கு அனுப்புமுன் அவள் பார்த்துவிட்டாளாம். அதனால்தான் அன்று என்னை மேட்டுப் பாதையால் சுற்றிப் போகச் சொல்லியிருக்கிறாள்.

“ஏன் புள்ள, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?”

“சொன்னா நீங்க இறுகிப் போவீங்க. நீங்க இறுகுனா அவ நிக்க மாட்டா” என்றாள்.

ஒரு பகலும் ஓர் இரவும் அவள் அதைத் தனியாகச் சுமந்திருக்கிறாள். எனக்குச் சோறு போட்டிருக்கிறாள், என் இடுப்பைப் பற்றிக் கேலியும் பேசியிருக்கிறாள். இப்போதுதான் வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.