முனியம்மா அக்காவின் வீட்டுக்காரருக்கு ஒரு கட்டு

பீடி வாங்குவதை இன்று காலையோடு நிறுத்திவிட்டேன். இப்படிப்பட்ட முடிவுகளை நாலு பேர் அறியச் சொல்லிவிடுவதுதான் முறை என்பதால் இங்கே பதிகிறேன்.

முனியம்மா அக்கா நேற்று இறந்துவிட்டார். நுரையீரல் என்றார்கள்.

வேங்கிக்காலில் எங்கள் ஆபீஸைப் பெருக்கித் துடைத்தவர். நான் பீடி குடித்ததே இல்லை... வாங்கியதெல்லாம் அவருக்கு.

முன்பு அவரே வாங்குவார். பெட்டிக்கடையில், “எங்க வூட்டுக்காருக்கு ஒரு கட்டு குடுண்ணா” என்பார்.

என் சீட் ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர் ஷெட். வீட்டுக்காரரின் பீடியை அக்கா அதன் பின்னால் உட்கார்ந்து குடிப்பார். எனக்கு மட்டும் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

பிறகு வீட்டுக்காரர் செத்துப்போனார். காரியம் முடிந்து வேலைக்கு வந்த அக்கா கடைப் பக்கமே போகவில்லை. இரண்டு முறை பக்கெட்டைக் கவிழ்த்தார்.

“என்னக்கா?”

“இனிமே யாருக்குன்னு கேக்கறது சார்?”

அன்று முதல் நான் வாங்கினேன்.

விட்டுவிடலாமே என்று ஒருமுறை கேட்டேன்.

“வுட்டுப் பாத்தேன் சார். நெஞ்சு மேல யாரோ சேர் போட்டு ஒக்காந்துக்கினாப்ல இருந்துச்சி. அத்தத் தூக்கிக்கினு மாடி மாடியா எப்டி பெருக்கறது?”

ஆபீஸில் புகை ஒழிப்பு கேம்ப் நடந்தது. கடைக்காரர் புண்ணியத்தில் என் ‘பழக்கம்’ எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தனி ரூமில் கவுன்சலிங் கொடுத்தார்கள். “மனசுல என்ன பாரம் சார்?” என்று ஒரு மேடம் அவ்வளவு அன்பாகக் கேட்டார். தேடிப் பார்த்தேன். சொல்லும்படி ஒன்றும் அகப்படவில்லை.

பெண்களுக்கு ஹாலில் பொதுவாக அறிவுரை. அக்கா சேர்களை அடுக்கிக்கொண்டே கேட்டார்.

“என்னக்கா சொன்னாங்க?”

“வூட்டுக்காரருக்கு எடுத்துச் சொல்லி வுட வைக்கணுமாம். சொல்றேன் சார்... பௌர்ணமிக்கு மலை சுத்தறப்ப எதிர்ல வந்தார்னா.”

இருமல் ஜாஸ்தியானபோது ஒரு கிளினிக்குக்குப் போனார். வீட்டில் யாராவது பீடி பிடிக்கிறார்களா என்று டாக்டர் கேட்டாராம்.

பழக்க தோஷம். “எங்க வூட்டுக்காரு” என்றிருக்கிறார்.

“வெளிய போயி புடிக்கச் சொல்லும்மா.”

“வெளியதாங்க இருக்காரு.”

இருமல் சிரப்போடு திரும்பி வந்து இதைச் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, உட்கார்ந்துவிட்டார்.

இன்று காலை கடைக்காரர் வழக்கம்போல் ஒரு கட்டை எடுத்து நீட்டினார். “வேணாம்ணா, விட்டாச்சு” என்றேன். வேறென்ன சொல்ல...

போய் வாங்க அக்கா.

மதியத்திலிருந்து ஆபீஸ் குரூப்பில் எனக்கு வாழ்த்துகள் வந்துகொண்டிருக்கின்றன.