ஒரு சுற்று அதிகம்

எலும்பு முறிவுப் பிரிவில் அவரை எல்லோரும் 'மாவுக்கட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். முறிந்த கைகால்களுக்குக் கட்டுப் போடுவது அவர் பிழைப்பு. மணிக்கட்டு முறிவுக்குக் கையைச் சுற்றிலும் மாவு போடும் முழுக்கட்டு நல்லதா, ஒரு பக்கம் மட்டும் மாவு வைக்கும் அரைக்கட்டு நல்லதா என்று பெரிய டாக்டர் ஓர் ஆய்வு நடத்திவந்தார். சம்மதித்த நோயாளிகளுக்குச் சீட்டுக் குலுக்கி, எது விழுகிறதோ அதைப் போட வேண்டும். படியில் வழுக்கி விழுந்து வந்த அவருடைய தங்கைக்கு முழுக்கட்டு விழுந்தது.

அடுத்தவர் கை என்றால் வீக்கத்துக்கு இடம் விட்டுத்தான் சுற்றுவார். தங்கையோ தையல்காரி, எலும்பு கோணலாக ஒட்டிவிட்டால் எப்படிக் கத்தரி பிடிப்பாள்? பாசம் கண்ணை மறைத்தது. இழுத்துப் பிடித்து ஒரு சுற்று அதிகமாகவே சுற்றிவிட்டார்.

மறுநாள் காலை தங்கை சிரித்த முகத்தோடு வந்தாள்.

"ராத்திரி பூரா உயிர் போச்சுண்ணா. இப்ப வலியே இல்ல. உன் கைராசி!"

கூட வந்த அவள் கணவன், "மச்சான் கட்டுன்னா சும்மாவா?" என்றான்.

மாவுக்கட்டு அவள் விரல்களைப் பார்த்தார். வலிக்கிறது என்று அலறுகிறவர்களை அவர் சமாளித்துவிடுவார். துடித்துக்கொண்டிருந்த கை சட்டென்று அடங்கினால்தான் பயம். ரத்தம் ஓடாமல் நரம்பு சாகும்போதும் வலி நின்றுபோகும்.

"விரலை மடக்கு, பாப்போம்."

"மடக்கிட்டுத்தானே இருக்கேன்?"

விரல்கள் அசையவே இல்லை.

"மாப்ள, டாக்டரைக் கூப்பிடு, ஓடு!"

வெட்டும் மிஷின் அலறியது. "ஏண்ணா மூஞ்சி இப்படி வெளுத்திருக்கு?" என்றாள் தங்கை. "பேசாத. ஆட்டாத." மாவை நீளவாக்கில் பிளந்து, அடியிலிருந்த பஞ்சையும் தோல் தெரியும்வரை கத்தரித்தார். கட்டைவிரல் நகத்தை அழுத்தி விட்டார். வெளுத்தது வெளுத்தபடியே இருந்தது. மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல, ஓரத்தில் மட்டும் சிவப்பு ஏறியது.

"ஐயோ, எரியுதே! பாவி, என்ன பண்ணுன?" என்று தங்கை கத்தினாள்.

பெரிய டாக்டர் வந்து ஒவ்வொரு விரலாக நிமிர்த்திப் பார்த்தார்.

"ஆய்வுல இதையும் எழுதணும். முழுக்கட்டால ஆச்சா, கட்டின விதத்தால ஆச்சா?"

"கட்டின விதத்தால சார். நான்தான் இறுக்கிட்டேன்."

"ரெண்டு விரல் அசையுது. மத்தது அசையலேன்னா உள் அழுத்தம் குறையச் சதையைக் கீறி விடணும். ஆபரேஷன் தியேட்டர்ல சொல்லிடறேன். இப்போதைக்கு அரைக்கட்டு, லூசா."

மாவுக்கட்டு துணிச்சுருளை எடுத்தார். பக்கத்தில் நின்ற நர்ஸிடம் அதை நீட்டினார்.

"நீங்க போடுங்கம்மா. நான் அவ கையைப் பிடிச்சுக்கறேன்."